‘இதோ வந்துட்டேன்’ எந்தக் காலம்? ஆங்கில டென்ஸ் பற்றி ஒரு தம்பிக்குப் பதில்

பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “டீச்சர், பள்ளியில் பன்னிரண்டு டென்ஸையும் கட்டம் போட்டு மனப்பாடம் செய்தேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆனால் ‘ஐ ஹேட் சப்மிட்டட் தி ரிப்போர்ட் யெஸ்டர்டே’ என்று மின்னஞ்சல் அனுப்பினால், மேலாளர் ‘ஹேட்’டை அடித்துத் திருப்பி அனுப்புகிறார். நாளைக்குப் போவதை ‘ஐ ஆம் லீவிங் டுமாரோ’ என்று நிகழ்காலத்தில் சொல்கிறார்கள். போன வாரம் அவரே எனக்கு ‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் கம் இன் ஆன் சாட்டர்டே’ என்று எழுதியிருந்தார். ‘வாஸ்’ என்று இருந்ததால், முன்பு யோசித்தார், இப்போது விட்டுவிட்டார் என்று நானும் விட்டுவிட்டேன். இந்தக் காலங்களுக்கெல்லாம் உண்மையில் என்னதான் அர்த்தம்?”

முப்பது வருஷத்துக்கு மேல் பினாங்கில் இடைநிலைப்பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தியவள் நான். அந்தப் பன்னிரண்டு கட்டத்தை நானும் பலகையில் போட்டிருக்கிறேன். அதனால் பாதிப் பழி எனக்கும் உண்டு. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதல் சிக்கல் நாம் புழங்கும் சொல்லிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் டைம் வேறு, டென்ஸ் வேறு. கடிகாரத்தில் ஓடுவது டைம். வினைச்சொல்லின் உருவத்தில் மாறுவது டென்ஸ். தமிழில் இரண்டுக்கும் ‘காலம்’ என்றே பெயர். அதனால் ‘இறந்தகாலம்’ என்றதும் நடந்து முடிந்தது என்றும், ‘நிகழ்காலம்’ என்றதும் இந்த நிமிஷம் என்றும் நினைத்துவிடுகிறோம். அந்த நினைப்போடு ஆங்கிலத்துக்குள் போனால் பாதி வாக்கியங்கள் தப்பாகத்தான் தெரியும்.

ஆங்கிலத்தை விடுங்கள், தமிழிலேயே அப்படி இல்லையே. நண்பர் கீழே மோட்டார் சைக்கிளில் வந்து ஹார்ன் அடிக்கிறார். நீங்கள் அடுக்குமாடியின் பத்தாவது மாடியில் ஒரு காலைச் சிலுவாருக்குள் விட்டு, இன்னொரு கால் மாட்டாமல் தத்திக்கொண்டே, சன்னல் வழியாக “இதோ வந்துட்டேன்!” என்று கத்துகிறீர்கள். எங்கே வந்துட்டீர்கள்? மின்தூக்கிக்கே இன்னும் போகவில்லை. உருவம் இறந்தகாலம், செயலோ இனிமேல்தான். கீழே நிற்பவர் அதைப் பொய்யென்று எடுத்துக்கொள்வதில்லை. அவசரமாக வருகிறான் என்று புரிந்துகொண்டு மோட்டாரை அணைக்காமல் காத்திருக்கிறார்.

இதைப் பேச்சுத் தமிழின் கோளாறு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொல்காப்பியம் வினையியலிலேயே இதற்கு இடம் இருக்கிறது. வரப்போவதையும் நடப்பதையும் இறந்தகாலத்தில் சொன்னால் அது விரைவைக் காட்டும் என்கிறது. உரைகாரர்கள் காட்டும் உதாரணம் நம் மோட்டார் கதையேதான்: இன்னும் உண்ணாதவனைப் பார்த்து, அவசரமாகக் கிளம்ப வேண்டிய ஒருவன் “இன்னும் உண்ணவில்லையா?” என்று கேட்கிறான். உண்ணாதவன் “உண்டேன், போந்தேன்” என்கிறான். சோறு பானையிலேயே இருக்கிறது! நன்னூல் இன்னும் விரித்து, விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்று நாலு காரணம் சொல்லி, இவற்றால் முக்காலமும் தடம் மாறி வரலாம் என்கிறது. தெளிவுக்குச் சொல்லும் பழைய உதாரணம்: எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு திட்டில் ஏறினால் மழை பெய்தது. ‘பெய்யும்’ இல்லை, ‘பெய்தது’. அவ்வளவு உறுதி.

ஆக, ஒரு சம்பவம் எப்போது நடந்தது என்பதோடு வினையின் உருவம் நிற்பதில்லை. பேசுகிறவர் எங்கே நின்று அதைப் பார்க்கிறார், கிட்ட வைத்திருக்கிறாரா தள்ளி வைத்திருக்கிறாரா என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. ஆங்கில டென்ஸ் பற்றி நான் சொல்ல வருவது முழுக்க இதுதான்.

இப்போது அந்தப் பன்னிரண்டுக்கு வருவோம். ஆங்கில வினைச்சொல் தன் உடம்பை மாற்றிக் காட்டுவது இரண்டு காலத்துக்குத்தான்: ‘கோ’ – ‘வென்ட்’, ‘ஒர்க்’ – ‘ஒர்க்ட்’. ‘போவான்’ என்பதில் நமக்கு ஒரு ‘வ்’ இருக்கிறதே, அப்படி எதிர்காலத்துக்கென்று ஒரு எழுத்தும் அவர்களிடம் இல்லை. குவர்க் முதலான நால்வர் 1985இல் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கணமும் டென்ஸ் இரண்டு என்றுதான் சொல்கிறது. ‘வில்’ என்பது தனியாக ஒட்டவைத்த சொல். பழைய ஆங்கிலத்தில் அதற்கு ‘விரும்பு’ என்று பொருள். மலாயில் வானம் இருட்டினால் ‘ஹாரி நாக் ஹூஜான்’ (மழை வரப்போகிறது) என்கிறோமே, அந்த ‘நாக்’கும் ‘வேண்டும், விரும்புகிறேன்’ என்ற சொல்தானே? அதே கதை.

பிறகு பன்னிரண்டு எப்படி வந்தது? இரண்டு உருவத்தோடு ‘வில்’லைச் சேர்த்தால் மூன்று. ஒவ்வொன்றிலும் ‘ஹேவ்’ போடலாம், ‘இங்’ போடலாம், இரண்டையும் போடலாம், ஒன்றும் போடாமலும் விடலாம். மூநான்கு பன்னிரண்டு. வாய்ப்பாடு சரிதான். ஆனால் பன்னிரண்டு அர்த்தம் இருப்பதாக நினைத்துப் படித்தால் தலைதான் சுற்றும். இறந்தகால உருவம், ‘ஹேவ்’, ‘இங்’, ‘வில்’ என்ற நாலு துண்டுக்கும் அர்த்தம் பிடிபட்டால், கட்டங்களை நீங்களே நிரப்பிக்கொள்ளலாம்.

நம் பிள்ளைகளை அதிகம் படுத்துவது ‘ஹேவ்’தான். அதை எடுத்துக்கொள்வோம்.

காலையில் பசாரில் தெரிந்தவரைப் பார்த்தால் நம் ஊர்த் தமிழர் முதலில் கேட்பது “பசியாறியாச்சா?” என்றுதான். இதே விஷயத்தை இன்னொரு இடத்திலும் கேட்பார்கள். மருத்துவமனையில் ரத்தம் எடுப்பதற்கு முன்னால் தாதி கேட்பார்: “எத்தனை மணிக்குப் பசியாறினீங்க?” இரண்டும் சாப்பாட்டைப் பற்றித்தான். ஆனால் பசாரில் கேட்டவருக்கு நீங்கள் எப்போது சாப்பிட்டீர்கள் என்ற கவலையே கிடையாது. உங்கள் வயிறு இப்போது எப்படி இருக்கிறது, ஒரு ரொட்டி சானாய் வாங்கித் தரலாமா என்பதுதான் அவர் கேள்வி. தாதிக்கு உங்கள் பசியைப் பற்றிக் கவலை இல்லை. அவருக்கு வேண்டியது மணி. முதலாவது ‘ஹேவ் யூ ஈட்டன்?’. இரண்டாவது ‘வென் டிட் யூ ஈட்?’.

‘ஹேவ்’ சேர்ந்த இந்த உருவத்தின், அதாவது பிரசென்ட் பெர்ஃபெக்ட்டின், முழு ரகசியமும் இதற்குள் இருக்கிறது. நடந்தது பழசுதான், ஆனால் பேச்சு இப்போதைப் பற்றியது. பெயரிலேயே ‘பிரசென்ட்’ இருக்கிறது. பாடப்புத்தகம் அதை இறந்தகாலத்துக்குப் பக்கத்து வீடு மாதிரி காட்டியதால் யாரும் கவனிப்பதில்லை.

மலேசியப் பிள்ளைகளுக்கு இது எளிதாக வந்திருக்க வேண்டியது. மலாயில் வினைச்சொல் காலத்துக்காக மாறுவதே இல்லை, ஆனால் ‘சூடா’ (ஆயிற்று) இருக்கிறது, ‘பெலும்’ (இன்னும் இல்லை) இருக்கிறது, ‘பெர்னா’ (முன்பு செய்ததுண்டு) இருக்கிறது. ‘சூடா மாக்கான்?’ என்பது அப்படியே ‘பசியாறியாச்சா?’தான். இந்தச் ‘சூடா’வைத்தான் நாம் ஆங்கிலத்துக்குள் ‘ஆல்ரெடி’யாகக் கொண்டுவந்து ‘ஐ ஈட் ஆல்ரெடி’ என்கிறோம். ‘பெர்னா’வை ‘எவர்’ ஆக்கி ‘ஐ எவர் கோ லங்காவி’ என்கிறோம். இதைக் கேட்டுச் சிரிப்பவர்களோடு நான் சேர்வதில்லை. அந்தப் பிள்ளைக்கு அர்த்தம் சரியாகப் பிடித்திருக்கிறது, உடுப்புதான் வேறு. ‘ஆல்ரெடி’ வரும் இடத்தில் ‘ஐ ஹேவ் ஈட்டன்’, ‘எவர்’ வரும் இடத்தில் ‘ஐ ஹேவ் பீன் டு லங்காவி’ என்று மாற்றச் சொன்னால் ஒரே வாரத்தில் பழகிவிடும்.

ஆனால் ‘யெஸ்டர்டே’ போட்டால் ‘ஹேவ்’ கூடாது. ஏன்? ‘ஹேவ்’ கேட்பவரின் கண்ணை இப்போதைக்குத் திருப்புகிறது, ‘யெஸ்டர்டே’ நேற்றைக்கு இழுக்கிறது. ஆங்கிலம் இந்த இழுபறியை ஏற்பதில்லை. தமிழ் ஏற்கிறது, அங்கேதான் நாம் மாட்டிக்கொள்கிறோம். வீட்டு கேட்டில் ஒரு கல்யாணப் பத்திரிகை செருகியிருக்கிறது. பார்த்ததும் “நேத்து யாரோ வந்திருக்காங்க” என்கிறோம். கண்ணால் பார்க்கவில்லை, தடயத்தைப் பார்த்து ஊகிக்கிறோம். ‘வந்திருக்காங்க’வில் அந்த வேலையும் இருக்கிறது. அதை அப்படியே ‘சம்படி ஹேஸ் கம் யெஸ்டர்டே’ என்று தூக்கிவந்தால் ஆங்கிலக் காதுக்கு உறுத்தும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவருக்கு ‘இப்போது’ என்று ஒன்று இருக்க வேண்டும். மலாய்த் திரைக்கலைஞர் பி. ரம்லீ 1929இல் பினாங்கில் பிறந்தார், 1973இல் மறைந்தார். ‘பி. ரம்லீ ஹேஸ் லிவ்ட் இன் பினாங்’ என்று எழுதினால் அவர் உயிரோடு இருப்பதாகத் தொனிக்கும். ‘லிவ்ட்’ என்று மட்டும்தான் எழுதலாம். ஸ்குவாஷ் வீராங்கனை நிக்கோல் டேவிட்டும் பினாங்குக்காரர்தான். எட்டு முறை உலகப் பட்டம் வென்றார், 2019இல் ஓய்வு பெற்றார். அவரைப் பற்றி ‘ஹேஸ் வன்’ என்றும் சொல்லலாம், ‘வன்’ என்றும் சொல்லலாம். பட்டங்களை இன்றைய அவருடைய பெருமையாகப் பார்த்தால் முதலாவது, முடிந்துபோன ஆட்டக் காலத்தின் கதையாகப் பார்த்தால் இரண்டாவது. உண்மை ஒன்றுதான். நிற்கும் இடம் மாறுகிறது.

‘சின்ஸ்’ விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். ஜார்ஜ்டவுன் 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலம் ஆனது. ஆன நாளைச் சொன்னால் ‘பிகேம் இன் 2008’. அன்றிலிருந்து இன்றுவரை அப்படியே இருக்கிறது என்றால் ‘ஹேஸ் பீன் சின்ஸ் 2008’. தமிழில் நமக்கு ‘பத்து வருஷமா இங்கதான் இருக்கேன்’ என்று வெறும் நிகழ்காலமே போதும். அதனால்தான் நேர்முகத் தேர்வில் ‘ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’ என்று வாயில் வந்துவிடுகிறது. அங்கிருந்து இங்குவரை நீண்டு வருவது எதுவானாலும் ஆங்கிலம் ‘ஹேவ்’ கேட்கும்.

உங்கள் தொழிற்சாலைக்கு வருவோம். இரவு ஷிஃப்ட் முடிந்து குறிப்பேட்டில் எழுதுகிறீர்கள். ‘மெஷின் த்ரீ ஹேஸ் ப்ரோக்கன் டவுன்’ என்று எழுதினால், காலையில் வருபவர் படித்ததும் மூன்றாவது இயந்திரம் இப்போது நின்று கிடக்கிறது என்று எடுத்துக்கொண்டு டெக்னீஷியனைக் கூப்பிடுவார். ‘மெஷின் த்ரீ ப்ரோக் டவுன் அட் டூ ஏஎம்’ என்று எழுதினால், இரண்டு மணிக்கு ஒரு சங்கதி நடந்தது, அப்புறம் என்ன ஆச்சு என்று அடுத்த வரியைத் தேடுவார். சரி செய்திருக்கலாம், செய்யாமலும் இருக்கலாம். ஒரு ‘ஹேஸ்’ஸில் ஒரு டெக்னீஷியனின் நடை இருக்கிறது.

சரி, மேலாளர் அடித்துப்போட்ட ‘ஹேட்’. இந்தப் பிழை தமிழர்களிடம் நிறைய உண்டு, காரணமும் தமிழ்தான். “நேத்து கோயிலுக்குப் போயிருந்தேன்” என்கிறோம். ‘போனேன்’ என்றாலே போதும், ஆனால் ‘போயிருந்தேன்’ என்றால் பேச்சுக்கு ஒரு நிதானம் வருகிறது, இனி ஏதோ சொல்லப்போகிறோம் என்ற தோரணை வருகிறது. அந்த ‘இருந்தேன்’ ஆங்கிலத்தில் ‘ஹேட்’ ஆகிவிடுகிறது. ஆனால் ஆங்கில ‘ஹேட்’ தோரணைக்கு இல்லை. அதற்கு ஒரே வேலை: ஏற்கெனவே பழைய கதையில் நிற்கிறோம், அதற்கும் முன்னால் நடந்ததைக் காட்டு.

ஃபெர்ரியை வைத்துச் சொல்கிறேன். பட்டர்வொர்த் படகுத்துறைக்கு ஓடுகிறீர்கள். ‘வென் ஐ ரீச்ட் தி ஜெட்டி, தி ஃபெர்ரி லெஃப்ட்’ என்றால், நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள், உடனே அது கிளம்பியது. கண் முன்னால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதைப் பார்த்தீர்கள். ஒருவேளை ஏறியும் இருக்கலாம். ‘தி ஃபெர்ரி ஹேட் லெஃப்ட்’ என்றால், நீங்கள் போனபோது துறை காலி. கிளம்பியதை நீங்கள் பார்க்கவே இல்லை. ஹான்ஸ் ரைக்கன்பாக் என்ற ஜெர்மானியத் தத்துவ அறிஞர் 1947இல் இதற்கு ஒரு கணக்குப் போட்டார். பேசும் நேரம், சம்பவ நேரம், இரண்டையும் தவிர நாம் நின்று பார்க்கும் நேரம் என்று மூன்றாவதாக ஒரு புள்ளி. நாம் படகுத்துறையில் நிற்கும் நேரம்தான் அந்த மூன்றாவது புள்ளி. ஃபெர்ரி அதற்கும் முன்னால் போய்விட்டது, ஆகவே ‘ஹேட் லெஃப்ட்’. ‘ஹேவ்’வில் மூன்றாவது புள்ளி இந்த நிமிஷத்தில் இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் வாக்கியத்தில் அப்படி நடுவில் ஒரு புள்ளி இல்லை. நேற்று, அறிக்கை, அனுப்பினேன். ‘ஐ சப்மிட்டட் தி ரிப்போர்ட் யெஸ்டர்டே’ போதும். ‘யெஸ்டர்டே’யை எடுத்துவிட்டால் ‘ஐ ஹேவ் சப்மிட்டட் தி ரிப்போர்ட்’ என்று எழுதலாம். அதற்கு ‘உங்கள் கையில் இருக்கிறது, பாருங்கள்’ என்று அர்த்தம். ‘ஹேட்’ வேண்டுமென்றால் கதை வேண்டும்: நீங்கள் எனக்கு நினைவூட்டும் முன்பே நான் அனுப்பிவிட்டிருந்தேன். அதை மேலாளருக்கு எழுதலாமா என்பது இலக்கணக் கேள்வி இல்லை.

அடுத்து ‘இங்’. சாதாரண நிகழ்காலத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பேருந்தில் ஏறினாலே புரியும். ‘தி பஸ் ஸ்டாப்ஸ் ஹியர்’ என்றால் இது நிறுத்தம், இப்போது பஸ் இல்லாவிட்டாலும். ‘தி பஸ் இஸ் ஸ்டாப்பிங்’ என்றால் வேகம் குறைகிறது, எழுந்து நில்லுங்கள். ‘இங்’ போட்டால் செயலின் வயிற்றுக்குள் இருக்கிறோம். தொடங்கியாயிற்று, முடியவில்லை. அதனால் தற்காலிகம் என்ற வாசனையும் வந்துவிடும். உடைபடாமல் அப்படியே இருக்கும் நிலைகளுக்கு, அதாவது தெரிவது, சொந்தமாக வைத்திருப்பது, நம்புவது போன்றவற்றுக்கு அது ஒட்டாது. ‘ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்’ என்றால் கேட்பவர் பிரசவ அறை என்று நினைத்துக்கொள்ளக்கூடும்.

சிம்பிள் பிரசென்ட்டுக்குத்தான் பெயர் சரியாக வைக்கவில்லை என்பேன். ‘ஐ ஒர்க் இன் பாயான் லெப்பாஸ்’ என்பதை நீங்கள் விடுப்பில் லங்காவிக் கடற்கரையில் மல்லாந்து படுத்துக்கொண்டும் சொல்லலாம், உண்மைதான். ‘இப்போது’ என்பதற்கும் அதற்கும் பெரிதாகச் சம்பந்தம் இல்லை. வழக்கம், இயல்பு, என்றும் உள்ளது இவைதான் அதன் இடம். இங்கே தமிழ் நம்மை எப்படிக் கவிழ்க்கிறது பாருங்கள். வழக்கத்தைச் சொல்ல நாம் எடுப்பது எதிர்கால உருவம்: “அப்பா ஞாயிற்றுக்கிழமையானா பசாருக்குப் போவாரு.” ‘எனக்குத் தெரியும்’ என்பதில் வரும் ‘உம்’மும் எதிர்கால உருவம்தான். அதனால்தான் கட்டுரைக்குக் கட்டுரை ‘எவ்ரி சண்டே மை ஃபாதர் வில் கோ டு தி மார்க்கெட்’ என்று எழுதிவருவார்கள். நான் சிவப்பு மையில் ‘கோஸ்’ என்று திருத்தித் திருத்தியே பல பேனா தீர்ந்தது. பத்து வருஷம் கழித்துத்தான் அது ‘போவாரு’ என்று எனக்கே உறைத்தது. அதற்கு அப்புறம் திருத்துவதற்குப் பதிலாக, “தமிழில் யோசிச்சியா?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு தாங்களே திருத்திக்கொண்டார்கள்.

எதிர்காலம் பற்றி உங்களுக்கு உண்மையில் சந்தேகமே வந்திருக்கக் கூடாது. அம்மாவிடம் “நாளைக்கு ஈப்போ போறேம்மா” என்றுதானே சொல்கிறீர்கள்? ‘போவேன்’ என்றா சொல்கிறீர்கள்? டிக்கெட் எடுத்தாயிற்று, பை கட்டியாயிற்று, நாளைய பயணம் இன்றைக்கே தொடங்கிவிட்டது. ‘ஐ ஆம் லீவிங் டுமாரோ’வும் அதுதான். அட்டவணையில் அச்சாகியிருந்தால் வெறும் நிகழ்காலமே போதும்: ‘தி ட்ரெயின் லீவ்ஸ் அட் செவன்’. மழைக்கு அட்டவணை கிடையாது, ஆகவே ‘இட் ரெயின்ஸ் டுமாரோ’ வராது. பினாங்கு மலை தலையில் கறுத்த மேகம் இறங்குவதைப் பார்த்தால் “மழை வரப்போகுது” என்கிறோம். சொல்லுக்குச் சொல் ‘இட்ஸ் கோயிங் டு ரெயின்’. ‘போகுது’ கூட இரண்டிலும் இருக்கிறது! ‘வில்’லுக்கு மிஞ்சுவது அந்தக் கணத்தில் எடுக்கும் முடிவும், வாக்குறுதியும், வெறும் ஊகமும். வாசலில் மணி அடிக்கிறது, நீங்கள் எழுந்துகொண்டே ‘ஐ வில் கெட் இட்’ என்கிறீர்கள். அங்கே ‘ஐ ஆம் கோயிங் டு கெட் இட்’ என்றால் மணி அடிக்கப்போவது முன்பே உங்களுக்குத் தெரிந்ததுபோல ஆகிவிடும்.

‘வில் ஹேவ் பீன் ஒர்க்கிங்’ போன்ற கடைசிக் கட்டங்களுக்கு நேரம் செலவழிக்க வேண்டாம். துண்டுகள் தெரிந்தால் வரும்போது புரிந்துவிடும். பேச்சில் எனக்கு அது தேவைப்பட்ட நாள்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கடைசியாக இறந்தகால உருவம். எளிது என்று எல்லோரும் நினைப்பது, ஆனால் உங்களைச் சனிக்கிழமையில் மாட்டிவிட்டது அதுதான்.

என் சொந்த அனுபவம் ஒன்று. வேலைக்கு வந்த புதிதில், வேறு ஊருக்கு மாறிப்போன ஒரு மாணவனைப் பற்றி அவன் புதிய பள்ளி கேட்டிருந்தார்கள். ‘ஹி வாஸ் எ க்ளெவர் பாய்’ என்று எழுதி அனுப்பினேன். என் வகுப்பில் இருந்தபோது என்று என் மனசில். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசி: “டீச்சர், பையனுக்கு என்ன ஆச்சு? ஏதாவது விபத்தா?” நான் அவனை ‘வாஸ்’ போட்டுத் தள்ளி நிறுத்திவிட்டேன், அவர்கள் அந்தத் தூரத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார்கள். ‘வாஸ்’ அவன் செத்தான் என்றோ மக்காகிவிட்டான் என்றோ சொல்லவில்லை. ‘நான் அங்கே, அப்போது இருந்ததைப் பேசுகிறேன்’ என்று மட்டும்தான் சொல்கிறது. மீதியைக் கேட்பவர் நிரப்பிக்கொள்கிறார்.

ஆங்கில இறந்தகால உருவத்தின் அடிப்படை அர்த்தமே இந்தத் தூரம்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். காலத்தில் தூரம் என்பது அதில் ஒரு வகை. இன்னொரு வகை, நிஜத்திலிருந்து தூரம். ‘இஃப் ஐ ஹேட் எ மில்லியன் ரிங்கிட்’ என்பதில் ‘ஹேட்’ நேற்றைய பணத்தைச் சொல்லவில்லை. இன்றைக்கே இல்லாத பணம் அது. விசித்திரமாக இருக்கிறதா? தமிழில் ‘வந்தால்’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். ‘வந்தேன், வந்தான்’ என்பவற்றில் இருக்கும் அதே ‘வந்த்’, அதோடு ‘ஆல்’. ‘போனால்’, ‘செய்தால்’ எல்லாம் அப்படித்தான். இன்னும் நடக்காததை, நடக்குமா என்றே தெரியாததைச் சொல்ல நாமும் இறந்தகால அடியைத்தான் எடுக்கிறோம். தினமும் நூறு தடவை சொல்கிறோம், கவனித்ததில்லை.

மூன்றாவது வகை, மனிதர்களுக்கு நடுவில் விடும் தூரம். ‘கேன் யூ’வை விட ‘குட் யூ’ மரியாதை. ‘ஐ வான்ட்’டை விட ‘ஐ வான்டட் டு ஆஸ்க்’ மென்மை. பக்கத்து வீட்டுக்காரரிடம் ஏணி இரவல் கேட்கப் போகிறீர்கள். “ஏணி வேணும்” என்று வாசலில் நின்று கேட்பீர்களா? “ஒன்னு கேக்கலாம்னு நினைச்சேன் அண்ணே” என்பீர்கள். நினைச்சேன்! இப்போது நினைக்கவில்லையா? நினைத்துக்கொண்டுதான் வாசலில் நிற்கிறீர்கள். ஆனால் ‘நினைச்சேன்’ என்று ஒரு அடி பின்னால் வைத்தால், அண்ணன் மறுப்பதற்கும் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. இல்லையென்று அவர் சொன்னாலும் யாருக்கும் முகம் சுருங்காது.

‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் கம் இன்’ என்பதில் அந்த ஒரு அடி மூன்று இடத்தில் இருக்கிறது. ‘வாஸ்’ ஒன்று, ‘குட்’ ஒன்று, முடிவாகச் சொல்லாமல் யோசனையின் நடுவிலேயே நிற்கும் ‘இங்’ ஒன்று. உங்கள் மேலாளர் மிகவும் பணிவாக, ஏணி இரவல் கேட்பவர் மாதிரி கேட்டிருக்கிறார். யோசனையை அவர் கைவிடவில்லை, தம்பி. உங்கள் பதிலுக்காக இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார். இன்றைக்கே ‘சாரி ஐ மிஸ்ட் திஸ்’ என்று ஆரம்பித்து ஒரு வரி போடுங்கள். ‘ஹேட்’ வேண்டாம்.